சனிக்கிழமைப் பையில் இருந்த பல்

சின்னப்பிள்ளை ரஜனி, 1967–2025.

எல்கடுவப் பகுதியிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் 1967 நவம்பர் 2 ஆம் திகதி பிறந்தார். தந்தை அதே தோட்டத்தின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். ரஜனி தோட்டப் பாடசாலையில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். கையெழுத்துத் திருத்தமாக இருந்தது. பதினெட்டாம் வயதில் கொழுந்து பறிக்கச் சென்றார். 1993 இல் ஸ்டோருக்கு மாற்றப்பட்டு, குச்சி பொறுக்கும் பெண்களுள் ஒருவரானார். கணவர் ராமநாதன் லொறியில் உதவியாளராக இருந்தவர். 2011 இல் காலமானார். பிள்ளைகள் இல்லை.

குச்சி பொறுக்குவது என்பது, அரைத்து உலர்த்திய தேயிலையை வெள்ளைத் தட்டில் பரப்பி, அதிலுள்ள காம்புத் துண்டுகளையும் நாரையும் விரலால் எடுத்து நீக்கும் வேலை. ஒரு தேயிலைத் துணுக்குக்கும் ஒரு காம்புத் துணுக்குக்கும் இடையேயுள்ள நிற வேறுபாடு மிகச் சிறியது. ரஜனி அந்த வேலையை இருபத்து நான்கு ஆண்டுகள் செய்தார். 2017 இல் நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் ஒன்று அந்த ஸ்டோரில் பொருத்தப்பட்டது. பொறுக்கும் பெண்கள் பதினொரு பேரும் ஒரே மாதத்தில் நிறுத்தப்பட்டனர்.

அடுத்த ஆண்டு மாத்தளை நகரில் ஹஸீப் என்ற வாசனைப்பொருள் வியாபாரியின் கிட்டங்கியில் கராம்புக் காம்பு நீக்கும் வேலை கிடைத்தது. எல்கடுவயிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்பினார். கிட்டங்கியின் மேல்மாடி வெறுமையாக இருந்தது. 2022 பெப்ரவரியில் அதைக் கலாநிதி திவாகரன் என்பவர் வாடகைக்கு எடுத்தார். அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் தொல்லியல் விரிவுரையாளர். பல்லேகமவுக்கு அப்பால், காட்டுச் சரிவில், ஊரவர்கள் வவுல்கல என்று அழைக்கும் ஒரு குகையில் அவருடைய குழு அகழத் தொடங்கியிருந்தது.

குகையில் வெட்டிய மண்ணை அருகிலுள்ள ஓடையில் நுண்ணிய சல்லடையிலிட்டுக் கழுவுவார்கள். சல்லடையில் எஞ்சும் கல், எலும்பு, ஓட்டுத் துண்டுகள் ஆகியன வெயிலில் காய்ந்தபின் பைகளில் மாத்தளைக்கு வரும். அவற்றை ஒவ்வொரு கைப்பிடியாகத் தட்டில் கொட்டி, நகத்தளவும் அதனினும் சிறியதுமான எலும்புகளைச் சாமணத்தால் பொறுக்கியெடுக்க வேண்டும். முதலில் இரண்டு மாணவர்கள் இதைச் செய்தனர். ஒரு வாரத்தில் கண் வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டனர்.

குழுவின் உதவி ஆய்வாளரான ஸஹ்னா, மாத்தளை நகரைச் சேர்ந்த பட்டதாரி. கீழே ரஜனி கராம்பு பொறுக்குவதை அவர் இரண்டு நாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், பத்துச் சிற்றெலும்புகளை எண்ணிக் கலந்த ஒரு கைப்பிடி மண்கழிவை ரஜனியிடம் கொடுத்து, எலும்பைமட்டும் எடுத்துத் தரும்படி கேட்டார். ரஜனி பதின்மூன்றைத் திருப்பிக் கொடுத்தார்; ஸஹ்னா கவனியாத மூன்றும் அதில் இருந்தன. ஹஸீப் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மிஸ், கராம்பு சீசன்ல எனக்கிட்ட ஈந்து ஆளத் தூக்குறீங்களே, இது நல்ல வேலயா? மேல்மாடியத் தந்தேன். இனிக் கீழ்மாடியயும் எடுத்துக்கோங்க."

"நானா, நான் மேலதான இருப்பேன். கூப்பிட்டா இறங்கி வாறேன்" என்றார், ஹஸீபை அண்ணன் முறையில் நானா என்றே அழைக்கும் ரஜனி.

"எலும்பு பொறுக்குற கையால என்ட கராம்பத் தொடப்படாது. கழுவிட்டு வரோணும்."

2022 ஏப்ரல் 4 ஆம் திகதி முதல் ரஜனி மேல்மாடியில் வேலை செய்தார்.

அவர் எடுத்துக் கொடுத்தவற்றிலிருந்து குகைவாசிகளின் வாழ்க்கை மெல்ல மெல்லத் தெரியவந்தது. எலும்புகளில் பெரும்பாலானவை குரங்கினுடையவையும் மலையணிலினுடையவையும். அவற்றிற் பல தீயில் கருகியவை. சிலவற்றில் கல் அலகால் வெட்டிய தடங்கள் இருந்தன. மரத்தின் உச்சியில் திரியும் பிராணியைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. காட்டு நத்தைகளின் ஓடுகள் ஏராளம். கெக்குன மரத்துக் கொட்டையின் எரிந்த ஓடுகள் அடுப்புச் சாம்பலோடு வந்தன. பளிங்குபோன்ற வெண்கல்லில் உடைத்துச் செய்த சிறு ஆயுதங்களும், ஒரு முனை கூராக்கப்பட்ட எலும்பூசிகளும் இருந்தன. மனிதனுடைய எலும்புமட்டும் வரவில்லை. தென்மேற்கு மழைக்காட்டுக் குகைகளில் நாற்பதாயிரம் ஆண்டுகளை அண்மிய மனித எச்சங்கள் முன்னரே கிடைத்திருக்கின்றன. இந்தப் பக்கத்து மலைச்சரிவில் அத்தகைய பழைமையுடைய மனித எச்சம் ஒன்றேனும் கிடைக்குமா என்பதே திவாகரனின் கேள்வியாக இருந்தது.

2023 மே மாத நடுப்பகுதியில் குகையில் இரண்டு குழிகள் ஒரே வேளையில் வெட்டப்பட்டன. தெற்குக் குழி எண்ணாயிரம் ஆண்டு பழைமையான மேல் அடுக்கில் நின்றது. வடக்குக் குழி இருபத்து மூவாயிரம் ஆண்டு பழைமையான கீழ் அடுக்கை எட்டியிருந்தது. எனவே ரஜனியின் மேசைக்கு இரண்டு அடுக்குகளின் பைகளும் சேர்ந்தே வந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டை வைத்துக்கொண்டார். மாலையில் தட்டில் பொறுக்கி முடியாமல் எஞ்சியதை ஒரு சிறு பையிலிட்டு, அடுக்கின் பெயரையும் திகதியையும் எழுதிக் கட்டி, பதிவேட்டிலும் ஒரு வரி எழுதுவார். அதற்கு மீதிப் பை என்று பெயர். மறுநாள் வேலை அந்தப் பையிலிருந்து தொடங்கும்.

ஜூன் 12 ஆம் திகதி, திங்கட்கிழமை முற்பகலில், கீழ் அடுக்கு என்று எழுதப்பட்ட மீதிப் பையைப் பிரித்துப் பொறுக்கிக்கொண்டிருந்த ரஜனி, சாமணத்தைக் கீழே வைத்துவிட்டு ஸஹ்னாவை அழைத்தார்.

"மிஸ், இது குரங்குப் பல்லு இல்ல."

அது மனிதனுடைய கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல். மேற்பரப்பு ஏறக்குறையத் தட்டையாகத் தேய்ந்திருந்தது. சாம்பலில் சுட்ட நத்தையையும் கொட்டையையும் மணலோடு சேர்த்து மென்றவர்களின் பற்கள் அவ்வாறு தேய்வது வழக்கம். ஸஹ்னா அதை நான்கு பக்கமும் படமெடுத்துத் திவாகரனுக்கு அனுப்பினார். அவர் மறுநாள் காலையிலேயே வந்து சேர்ந்தார். கீழே இருந்து ஹஸீபும் ஏறிவந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எத்தின வருசம், சேர்?"

"இருபத்தி மூவாயிரம்."

"எனக்கு அம்பத்தெட்டு. என்ட பல்லு இதவிட மோசம். இந்தாளுக்கு வலி வந்தீந்தா கராம்பு தேடி எங்கட கடைக்குத்தான் வந்தீப்பார், என்னா?"

"வந்தாலும் நீங்க காம்போட தான குடுத்திருப்பீங்க" என்றார் ரஜனி. திவாகரன் சிரித்ததைத் தாம் அன்றுதான் முதன்முறை பார்த்ததாக ஸஹ்னா கூறுகிறார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் கொழும்பில் நடக்கவிருந்த ஓர் ஆய்வரங்கில் இந்தப் பல்லைப் பற்றி உரையாற்றத் திவாகரன் ஒப்புக்கொண்டார். உரையின் சுருக்கம் அனுப்பப்பட்டது. கண்டெடுத்தவர் என்ற இடத்தில் சி. ரஜனி என்று பெயரும் சேர்க்கப்பட்டது. அத்துடன், இதுவரை குகையைக் கண்டிராத ரஜனியை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் திவாகரன் விரும்பினார்.

ஆகஸ்ட் 9 ஆம் திகதி, புதன்கிழமை, திவாகரனும் ஸஹ்னாவும் ரஜனியும் வான் வண்டியில் ரத்தோட்டை வழியாக மலையேறி இறங்கிப் பல்லேகமவை அடைந்து, அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தனர். ஓடையருகே இரண்டு ஊரவர்கள் சல்லடையில் மண் கழுவிக்கொண்டிருந்தனர். ஒருவர் தெற்குக் குழி மண்ணையும் மற்றவர் வடக்குக் குழி மண்ணையும் கழுவினர். ஒருவருடைய வாளியை மற்றவர் தொடவில்லை. ஒரு சல்லடையிலிருந்து தெறித்த நீர் மறு சல்லடையில் விழாதபடி நடுவில் ஒரு தகரம் நிறுத்தப்பட்டிருந்தது. ரஜனி அந்தத் தகரத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

குகையினுள் திவாகரன் வெட்டிய குழியின் சுவரைக் காட்டினார்.

"ரஜனியம்மா, இந்தக் கருப்புக் கோடு தெரியுதா? அதுக்கு மேல இருக்கிறது எட்டாயிரம் வருசம். கீழ இந்தச் சிவப்பு மண்ணு இருபத்தி மூவாயிரம்."

"இதுக்கு நடுவுல?"

"நடுவுல ஒண்ணுமில்ல. அந்தக் காலத்து மண்ண மழத்தண்ணி அடிச்சிட்டுப் போயிருச்சு. பதினஞ்சாயிரம் வருசம் இந்தக் கோட்டுக்குள்ள இருக்கு."

"ரெண்டு மண்ணும் கலந்துட்டா என்ன சேர் ஆகும்?"

"கலந்தாலா? அப்புறம் பல்ல வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பல் டாக்டர்கிட்டதான் காட்டலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். ரஜனி சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் அவர் எதுவும் பேசாமலிருந்ததை ஏற்றத்தில் நடந்த களைப்பு என்று ஸஹ்னா எண்ணிக்கொண்டார்.

நடந்திருந்தது இதுதான். ஸ்டோரில் சனிக்கிழமை அரைநாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை தட்டில் தேயிலை கிடந்தால் ஈரம் பிடிக்கும் என்பதால், சனி நண்பகலில் எல்லாத் தட்டுகளையும் வெறுமையாக்க வேண்டும் என்பது அங்கே மாறாத விதி. பதினொரு பெண்களின் தட்டுகளிலும் எஞ்சியதைக் கூட்டியள்ளி ஒரே தகரப் பெட்டியில் கொட்டி மூடுவார்கள். திங்களன்று அந்தப் பெட்டியிலிருந்து பொறுக்கத் தொடங்குவார்கள். எல்லாம் ஒரே தேயிலை என்பதால் அதனால் ஒரு கேடும் இல்லை. மாத்தளையிலும் சனிக்கிழமை அரைநாள்தான். ஸஹ்னாவுக்கு அன்று கண்டியில் வகுப்பு இருந்தபடியால் ரஜனியே அறையை மூடுவார். மூடுமுன் இரண்டு தட்டுகளிலும் எஞ்சியதை ஒரே பையிலிட்டு, எதன் பங்கு கூடுதலோ அந்த அடுக்கின் பெயரை மேலே எழுதிக் கட்டினார். பல் அகப்பட்டது ஜூன் 10 ஆம் திகதி, சனிக்கிழமை, கட்டிய பையில்.

மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்பன குகையைக் காணும்வரை அவருக்குச் சீட்டில் எழுதும் இரண்டு பெயர்களாகவே இருந்தன. இப்போது விடயம் தெரிந்தது; தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பல் ஓடையில் கழுவப்பட்டது. அதில் மண் ஒட்டியிருக்கவில்லை. வெப்பநாட்டு மண்ணில் பல்லின் புரதம் நிலைப்பதில்லையாதலால் பல்லிலிருந்தே காலத்தைக் கணிக்கவும் வழியில்லை. சீட்டில் உள்ள சொல் ஒன்றே அதன் வயதுக்கு ஆதாரம். அந்தச் சொல்லை எழுதியவர் பேசாமலிருந்தால் அது என்றைக்கும் அப்படியே நிற்கும். சொன்னால் பல்லின் மதிப்புப் போகும்; தம் வேலையும் போகும் என்று அவர் உறுதியாக நம்பினார். ஐம்பத்தைந்து வயதில் வேறு வேலை தேட வேண்டியிருக்கும்.

பன்னிரண்டு நாட்கள் அவர் வழக்கம்போல் வந்துபோனார். ஆகஸ்ட் 21 ஆம் திகதி, திங்கட்கிழமை காலை, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மேசையில் அமராமல் ஸஹ்னாவின் முன் வந்து நின்றார்.

"மிஸ், அந்தப் பல்லக் கீழ் அடுக்குன்னு எழுதியிருக்கோம்ல?"

"ஓ அக்கா. ஏன்?"

"அது கீழ் அடுக்கான்னு எனக்குத் தெரியாது."

"நீங்கதானே எழுதின?"

"எழுதினேன். சனிக்கிழம ரெண்டு தட்டு மீதியையும் ஒரே பையில கட்டிருவேன். ஸ்டோர்ல அப்படித்தான் செய்வோம். இங்கயும் அதே கையோட செஞ்சிட்டேன்."

ஸஹ்னா எழுந்து நின்றார். "யா அல்லாஹ்! எத்தின சனிக்கிழம, அக்கா?"

"ரெண்டு அடுக்கும் வந்த எல்லாச் சனிக்கிழமையும்."

"இத எப்ப தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"குகையில. அந்தத் தகரத்தப் பாத்தப்ப."

"பன்னெண்டு நாளா வயித்துக்குள்ள வெச்சீந்தீங்களா?"

"சொன்னா அனுப்பிருவீங்கன்னு பயந்துட்டு இருந்தேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. சேர் அடுத்த மாசம் பெரிய ஆளுங்க முன்னால நின்னு பேசப் போறாரு. என் கையெழுத்த நம்பித்தானே பேசப் போறாரு."

ஸஹ்னா பதிவேட்டை எடுத்தார். மூன்று வரிகளைப் பார்த்ததும் அவருக்கு வேறொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய ஒப்பம் இருந்தது. "நானும் பாக்காம ஒப்பம் வெச்சீக்கிறேன்" என்றார்.

திவாகரன் மறுநாள் வந்தார். அன்றைய பேச்சு கீழே கராம்பு நிறுத்துக்கொண்டிருந்த ஹஸீபுக்கும் கேட்டது.

"ரஜனியம்மா, முந்நூத்தி எண்பது பை இருக்கு. எதுல கலந்தீங்க, எதுல கலக்கலன்னு நான் எப்படி நம்புறது? இந்த சீசன் முழுசையும் குப்பையில கொட்டவா?"

"சனிக்கிழமதான் சேர்."

"சனிக்கிழமை மட்டும்னு எப்படிச் சொல்றீங்க? ஒரு நாள் களைப்புல வெள்ளிக்கிழமையும் செஞ்சிருக்கலாம்ல?"

ரஜனிக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "வெள்ளிக்கிழம ஏன் சேர் செய்யணும்? சனிக்கிழமதானே தட்டக் காலி பண்ணணும்? மத்த நாள்ல மறுநாளே வந்துருவோமே."

திவாகரன் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். பிறகு பதிவேட்டை மேசையில் விரித்து, ஸஹ்னாவை ஒவ்வொரு நாளாக வாசிக்கச் சொன்னார். மே 15, திங்கள்: மீதிப் பை இரண்டு. மே 16: இரண்டு. 17, 18, 19: இரண்டு. மே 20, சனி: ஒன்று. அடுத்த வாரமும் அவ்வாறே. இரண்டு அடுக்குகளும் மேசையில் இருந்த காலத்தில், தெற்குக் குழி வேலை ஆகஸ்ட் வரை நிறுத்தப்பட்ட ஜூலை 1 ஆம் திகதி வரை, ஏழு சனிக்கிழமைகள் வந்தன. ஜூன் 3 பொசன் போயா எனும் பௌர்ணமி விடுமுறை; அறை மூடப்பட்டிருந்தது. ஜூன் 24 அன்று ரஜனி உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்றிருந்தார். எஞ்சிய ஐந்து சனிக்கிழமைகளிலும் ஒரேயொரு பை. கிழமைநாட்களில் ஒரு நாளேனும் இரண்டுக்குக் குறையவில்லை.

"அஞ்சு பை, சேர். அஞ்சே அஞ்சு" என்றார் ஸஹ்னா.

திவாகரன் பதிவேட்டை வாங்கித் தாமே மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஐந்துதான்.

"பல்லு அந்த அஞ்சுல ஒண்ணுல" என்றார்.

"ஆமா சேர்."

"சரி. நீங்க இப்ப வீட்டுக்குப் போங்க. நான் கூப்பிடுறேன்."

ரஜனி கீழே இறங்கியபோது ஹஸீப் தராசிலிருந்து தலையை நிமிர்த்தினார். "என்ன தங்கச்சி, நிப்பாட்டிட்டாங்களா? கராம்புச் சாக்கு அங்க ஈக்கி. நாளக்கி வாங்க. இங்க சனிக்கிழம எதோட எதக் கலந்தாலும் கராம்புதான்."

ரஜனி மறுநாள் முதல் கராம்புக் காம்பு நீக்கினார்.

செப்டம்பர் ஆய்வரங்கில் திவாகரன் பல்லைப் பற்றிய பகுதியை நீக்கிவிட்டார். ஐந்து பைகளின் பொருட்களையும் கணக்கிலிருந்து விலக்கி, காரணத்தையும் கூறினார். மற்ற முந்நூற்று எழுபத்தைந்து பைகளை வைத்து, இருபத்து மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் எண்ணாயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் அந்தக் குகையில் உண்ணப்பட்டவை எவை என்பதை ஒப்பிட்டுப் பேசினார். கீழ் அடுக்கில் குரங்கு மிகுதி. மேல் அடுக்கில் நத்தை மிகுதி. மனிதனைக் காட்டாமல் மனிதனுடைய உணவைமட்டும் காட்டியதால் உரை எவரையும் வியப்பில் ஆழ்த்தவில்லை. ஆனால் அவருடைய கணக்கை எவரும் மறுக்கவுமில்லை.

செப்டம்பர் 18 ஆம் திகதி ரஜனி மேல்மாடிக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது: ஒவ்வொரு அடுக்கின் மீதிக்கும் தனிப் பை, எந்த நாளும். அதைப் படித்துவிட்டு, "இது முதல்லயே இருந்திருக்கணும்" என்று ஸஹ்னாவிடம் சொன்னார்.

அடுத்த ஆண்டு வறட்சிக் காலத்தில், அந்தப் பல்லுக்குரிய தாடை எங்கேனும் கிடைக்குமா என்று அறிய இரண்டு குழிகளையும் அகலமாக்கினர். தாடை கிடைத்தால் அது கிடக்கும் அடுக்கே பல்லின் அடுக்கு. ரஜனி தாமே கேட்டுக்கொண்டு பல்லேகமவில் ஆறு வாரம் தங்கி, ஓடையில் சல்லடை கழுவினார். முழங்கால்வரை நீரில் நிற்க வேண்டிய வேலை. குரங்கு எலும்பு வந்தது, நத்தை வந்தது, கடற்சிப்பியில் துளையிட்ட மணி ஒன்று வந்தது. மனித எலும்பு வரவில்லை. 2024 ஆகஸ்ட் 30 ஆம் திகதி குழிகள் மணலிட்டு மூடப்பட்டன. ஊர் திரும்பிய ரஜனிக்கு மூச்சிரைப்பு வந்தது. மாத்தளை வைத்தியசாலையில் இதயம் பலவீனமாக இருப்பதாகக் கூறினர். அதன்பிறகு வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே வந்தார்.

2025 ஜனவரியில், அகழ்வுப் பொருட்கள் யாவும் பல்கலைக்கழகக் களஞ்சியத்திற்கு அனுப்பப்படவிருந்தன. பல்லின் சிறு பெட்டிக்குப் புதிய சீட்டு தேவைப்பட்டது. கண்டெடுத்தவரே அதை எழுத வேண்டும் என்று திவாகரன் சொல்லியனுப்பினார். ஸஹ்னா பேனாவையும் சீட்டையும் ரஜனியிடம் கொடுத்தார்.

"மனிதப் பல்னு எழுதுங்க அக்கா. அடுத்த வரியில, அடுக்கு தெரியாதுன்னு போடுங்க."

ரஜனி எழுதவில்லை. "தெரியாதுன்னு ஏன் மிஸ் போடணும்?"

"தெரியாதுதானே?"

"ரெண்டுல ஒண்ணுன்னு தெரியும்ல? அன்னிக்கு என் மேசையில வேற அடுக்கு இல்ல. ரெண்டே தட்டு. அந்தாளு எட்டாயிரத்துல இருக்கணும், இல்லாட்டி இருபத்தி மூவாயிரத்துல இருக்கணும். தெரியாதுன்னு போட்டா நேத்து செத்தவன்னுகூட ஒருத்தரு சொல்லிருவாரு."

ஸஹ்னா அதைத் திவாகரனுக்குத் தொலைபேசியில் சொன்னார். "அவங்க சொல்றதுதான் சரி. அப்படியே எழுதச் சொல்லுங்க" என்ற பதில் வந்தது.

ரஜனி நான்கு வரிகள் எழுதினார்: மனிதக் கடைவாய்ப் பல். மேல் அடுக்கு அல்லது கீழ் அடுக்கு. வேறு அடுக்கு அல்ல. இரண்டின் மீதியும் ஒரே பையில் கட்டியவர் சி. ரஜனி. மை காயும்வரை காத்திருந்து, சீட்டைப் பெட்டியினுள் வைத்து மூடினார். அது அவர் அந்த மேசையில் செய்த கடைசி வேலை. திகதி 2025 ஜனவரி 23, வியாழக்கிழமை.